கை இரண்டு, தொடை இரண்டு

1998 அக்டோபர் 11

கேவாவின் அப்பாவுக்கு,

கோயிலில் பூசை முடிந்து வந்த கையோடு எழுதுகிறேன். ஃபெலிக்ஸ் நாளை லெவோலெபா போய்க் கப்பல் ஏறுகிறான். மலேசியாவில், சபாவில் நீங்கள் வேலை பார்க்கிற தோட்டத்துக்கே வருகிறானாம். கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று நர்ஸ் யுஸ்தினாவின் படகு வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் எடை போட்டார்கள். கேவாவை எடைத் தொட்டிலில் வைத்ததும் முள் நன்றாகவே இறங்கியது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த அம்மாள் அட்டையைப் புரட்டினாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்: "ஒன்பது மாசம் ஆகுது. ஒரு ஊசிகூட விழல. இது புள்ளையா, காட்டுல கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டியா?"

நான் சொன்னேன், "அவங்க அப்பா வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அப்பா எங்க?"

"சபாவுல."

"ஓ. நாளைக்கு அம்மை வந்தா அங்கேருந்து வந்து பாத்துக்குவாரா?"

எனக்கு முகம் எரிந்தது. உங்களை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை, அவள் பேச்சைத் தள்ளவும் முடியவில்லை.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் அவள் ஐஸ் பெட்டியில் எல்லா மருந்தும் கொண்டுவருகிறாள். அதற்கு அப்புறம் மேற்குக் காற்று தொடங்கிவிடும். நம் கரைக்குப் படகு வர ஈஸ்டர் ஆகும். அதனால் விட்டுப்போன எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிடலாம் என்கிறாள். காசநோய்க்கு ஒன்று, முத்தடுப்பு ஒன்று, காமாலைக்கு ஒன்று, தட்டம்மைக்கு ஒன்று. கை இரண்டு, தொடை இரண்டு. வாயில் சொட்டு மருந்து வேறு. உங்கள் அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். "அவன் சொல்லட்டும். அவன் சொல்லாம என் பேத்தி உடம்புல ஒண்ணும் ஏறாது" என்கிறார்.

நம் மூத்தவன் கிளெமெனை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவனுக்கு ஊசி போட்ட அந்த வாரம் நம் சுற்றுவட்டத்தில் மூன்று வீட்டில் மலேரியா. ஒருவரும் அவன் ரத்தத்தை எடுத்துப் பார்க்கவில்லை. ஊசியா, மலேரியாவா என்று நாம் இரண்டு வருஷமாகச் சண்டை போட்டாயிற்று. போனவன் போய்விட்டான். இவள் இருக்கிறாள்.

சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். சீக்கிரம்.

பெங்கா

*

1998 நவம்பர் 2

பெங்காவுக்கு,

ஃபெலிக்ஸ் வந்து சேர்ந்தான். வழியெல்லாம் வாந்தி எடுத்தானாம். கடிதத்தின் ஒரு மூலை நனைந்திருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது.

என் பதில், வேண்டாம்.

அன்றைக்கு நீ சோளக்காட்டில் இருந்தாய். கிளெமெனை மடியில் வைத்துக் காலைப் பிடித்துக்கொண்டவன் நான். போடும்போது அவன் ஊசியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். இரண்டாம் நாள் சவப்பெட்டிக்கு ஆணி அடித்ததும் நான்தான். நீ மலேரியா என்கிறாய். இருக்கலாம். எனக்குத் தெரிந்தது, காலையில் சிரித்துக்கொண்டு போன பிள்ளை வீட்டுக்குத் திரும்பியபோது சிரிக்கவில்லை.

இங்கே பக்கத்து அறையில் பூகிஸ் இனத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் ஊரில் ஒரு குழந்தைக்கு இரண்டு தொடையிலும் ஒரே நாளில் போட்டார்களாம். அதற்கப்புறம் அது எழுந்து நிற்கவே இல்லையாம். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

நான் இங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை தூக்குகிறேன். ஒவ்வொன்றாக நாள் பூராவும் தூக்குவேன். நாலைச் சேர்த்துத் தோளில் வைத்தால் முதுகு முறிந்துவிடும். நானே அப்படி என்றால் அது ஒன்பது மாதக் குழந்தை.

போட்டே தீரவேண்டும் என்றால் ஒன்று போடு. என்ன ஆகிறது என்று பார். அடுத்த மாதம் இன்னொன்று. படகு வராது என்று அந்த நர்ஸ் சொன்னால் அது அவள் பாடு. அவள் வசதிக்காக என் பிள்ளையை மூட்டை கட்ட முடியாது.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு.

கோப்போங்

*

1998 நவம்பர் 23

கேவாவின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. அத்தையிடம் ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டினேன். அதற்கப்புறம் நான் செய்ததையும் நானே சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலாவது வந்து நீங்கள் கேட்க வேண்டாம்.

நான்கும் போட்டாயிற்று.

முதலில் நீங்கள் சொன்னபடியேதான் கேட்டேன். கோயில் கொட்டகையில் வரிசையில் நின்று, "இன்னிக்கு ஒண்ணு மட்டும் போடுங்கம்மா" என்றேன். யுஸ்தினா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எது வேணும்? பொறுக்கி எடுத்துக்கறியா? இது என்ன மீன் கடையா?"

"எது முக்கியமோ அத."

"எல்லாம் முக்கியம்தான். காசநோய் வந்தா வரட்டும், அம்மை மட்டும் வேணாமா? தொண்ட அடைப்பான் வந்தா வரட்டும், காமாலை மட்டும் வேணாமா? ஒண்ணொண்ணா போட நான் இங்கயே குடிவந்து உக்காரணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மொதப் புள்ள ஊசி போட்ட ரெண்டாம் நாள் செத்துப்போச்சு. ஏன் கேக்கறேன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா நீங்க?" என்றேன். அப்போதுதான் ஊசியைக் கீழே வைத்தாள். கேட்டாள். எல்லாம் சொன்னேன். ஊசியால் சாகவில்லை என்றும் சொல்லவில்லை, செத்தான் என்றும் சொல்லவில்லை. "நான் அப்ப இங்க இல்ல. பாக்காததப் பத்தி எனக்குத் தெரியாது" என்றாள். அந்த ஒரு பேச்சில்தான் அவள்மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

நீங்கள் எழுதிய குலைக் கணக்கையும் அவளிடம் சொன்னேன். அவள் கேவாவைக் காட்டினாள். கேவா அப்போது தரையில் உட்கார்ந்து மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் சேர்த்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். "அவ வாயில போற கிருமிய எண்ண முடியுமா? அத்தனையும் அந்த ஒடம்பு ஒரே நேரத்துல சமாளிக்குது. இந்த நாலு அதுக்கு ஒரு சொமையே இல்ல. காச்ச வரும், வலிக்கும், அழுவா. அதுக்கு மேல அநேகமா ஒண்ணும் இல்ல."

அநேகமா என்றாள். நானும் கவனித்தேன்.

கேவாவைத் தூக்கிக்கொண்டு ஊசி போடும் பாயருகே போனதும் அத்தை கையை விரித்து வழியை மறித்தார். "எம் பையன் பேச்சுக்கு இந்த வீட்ல மரியாத இல்லையா?" என்றார். "உங்க பையன் இங்க இருந்தா அவர்கிட்டயே கேட்டிருப்பேன் அத்த. கடல்தான் நடுவுல கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன்.

மறுநாள் மதியம் காய்ச்சல் ஏறியது. கொடுத்த மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தேன். ஈரத் துணி போட்டேன். திடீரென்று கேவாவின் கண் மேலே சொருகிக் கை கால் வெட்டி இழுத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அத்தை போட்ட கூச்சலில் ஊரே முற்றத்தில் கூடிவிட்டது. அப்புறம் அடங்கித் தூங்கினாள். சாயங்காலம் எழுந்து பால் குடித்தாள், தலைமாட்டில் இருந்த தேங்காய்ச் சிரட்டையை எடுத்துத் தட்டினாள். இன்று காய்ச்சல் குறைந்திருக்கிறது.

இதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

பெங்கா

*

1998 டிசம்பர் 17

பெங்கா,

"இன்று காய்ச்சல் குறைந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். எந்த இன்று? நீ எழுதிய இன்று. அது என் கைக்கு வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்கு மறுநாள் என்ன ஆயிற்று? அடுத்த வாரம் என்ன ஆயிற்று? கிளெமெனும் முதல் நாள் சாயங்காலம் பால் குடிக்கத்தான் செய்தான்.

கடிதத்தைப் படித்துவிட்டுத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். போன் பண்ண வேண்டும் என்றேன். கணக்கெழுதும் கிராணி சிரித்தார். "ஒங்க ஊர்ல யார்கிட்ட போன் இருக்கு?" என்றார். யாரிடமும் இல்லை. திரும்பி வந்து குலை தூக்கினேன். வேறு என்ன செய்வது?

நான் ஒன்று போடச் சொன்னேன். வேண்டவே வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை, ஒன்று என்றேன். அந்த ஒரு வார்த்தையைக்கூட நீ மதிக்கவில்லை. வலிப்பு வந்தது என்று வேறு, வீரம்போல எழுதுகிறாய்.

கேவா இனி என் தங்கச்சி ஓனா வீட்டில் இருக்கட்டும். அம்மாவும் அங்கே போகட்டும். இதே ஆளிடம் தங்கச்சிக்கும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் வரும்வரை ஒருத்தரும் கேவாவைப் படகுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஓனா தன் பையனையும் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு வரவில்லை. நீயும் எனக்கு எழுத வேண்டாம்.

கோப்போங்

*

1999 மார்ச் 2

கேவாவின் அப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல்தான் இருந்தேன். இதை எழுதாமல் இருக்க முடியாது.

ஓனாவின் மகன் லியுஸ் போய்விட்டான். சாம்பல் புதன் கழிந்த வாரம் அடக்கம் செய்தோம்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உங்கள் கடிதம் வந்ததும் அத்தை கேவாவைத் தூக்கிக்கொண்டு ஓனா வீட்டுக்குப் போனார். நான் தடுக்கவில்லை. பால் குடிக்கிற பிள்ளை என்பதால் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாரைக் கையால் அழுத்திக்கொண்டு நடந்தேன். வழியில் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கேவாவுக்கு வலிப்பு வந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்தவர்கள். "பெங்கா புள்ளைக்கு வந்தது நம்ம புள்ளைக்கு வேணாம்" என்று, ஊசி போட நினைத்திருந்தவர்களும் மாறிவிட்டார்கள். ஜனவரி நடுவில் ஒரு நாள் காற்று கொஞ்சம் ஓய்ந்தது. யுஸ்தினா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்தாள். கொட்டகையில் வெறும் பாய்தான் கிடந்தது. ஐஸ் பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போனாள்.

ஜனவரி கடைசியில் நுனுக்கான் துறைமுகத்திலிருந்து வந்த கப்பலில் இறங்கிய ஒரு குடும்பத்தில் பிள்ளைக்குக் காய்ச்சலும் கண் சிவப்பும். அம்மை என்று தெரிவதற்குள் பாதி ஊருக்குப் பரவிவிட்டது. லியுஸுக்கு முகத்தில் தொடங்கி உடம்பெல்லாம் இறங்கியது. அப்போது அவனும் கேவாவும் ஒரே பாயில், ஒரே போர்வைக்குள் படுத்திருந்தார்கள். நீங்கள் அனுப்பிய இடம் அது.

நான் போய்க் கேவாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அத்தைதான் துணிமணியை எடுத்துக் கொடுத்தார். உடம்பு சுடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

லியுஸுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. கடல் கொந்தளித்ததால் படகு இல்லை. ஓனாவின் புருஷன் அவனை முதுகில் கட்டிக்கொண்டு மலைப் பாதையில் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஓனாவும் நானும் பின்னால் நடந்தோம். உச்சியில் ஓய்வெடுக்க உட்கார்ந்தபோது, "மூச்சு விடுறானா பாரு அண்ணி" என்றாள் ஓனா. விட்டுக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலும் இரண்டு நாள் விட்டான்.

இப்போது கேவா நடக்கிறாள். பிடித்துக்கொள்ளாமல் முற்றம் முழுக்க. அடக்கத்துக்கு வந்தவர்கள் முன்னாலும் நடந்தாள். ஓனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் என் பிள்ளையைத் தூக்கி வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினேன். அவள் நன்றாக இருப்பதற்கு நான் வெட்கப்பட்டேன். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அதனால் எல்லோர் மேலும் கோபமாக இருக்கிறேன்.

பெங்கா

*

1999 மார்ச் 26

பெங்காவுக்கு,

நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தோட்டத்து லைன் வீட்டில் லியுஸுக்காக செபம் வைத்தோம். அவனை நான் கைக்குழந்தையாகத்தான் பார்த்தேன். ஓனாவுக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரிக்கு மேல் வரவில்லை.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். "நீங்கள் அனுப்பிய இடம் அது" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எழுதும்போது உனக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

நீ சொன்னதுதான் சரி என்று நான் எழுதுவேன் என்று காத்திருக்காதே. கேவாவுக்கு அம்மை வரவில்லை, உண்மை. ஊசியால்தான் வரவில்லை என்று எப்படித் தெரியும்? ஓனாவின் சின்னவளும் அதே வீட்டில்தானே இருந்தாள். அவளுக்கும் வரவில்லை. அவளுக்கு யார் ஊசி போட்டார்கள்? ஊரில் வராத பிள்ளைகள் எத்தனையோ. வராததைக் காட்டி நீ என்னிடம் எதையும் நிரூபிக்க முடியாது. வந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கிளெமெனுக்கு வந்தது. கேவாவுக்கு வலிப்பு வந்தது. அது என் கணக்கு.

ஜூனில் வருகிறேன். முதலாளி சரி என்று சொல்லியிருக்கிறார்.

கோப்போங்

*

1999 ஏப்ரல் 19

கேவாவின் அப்பாவுக்கு,

திருப்தியா? லியுஸைத் திருப்பித் தருவதாக யாராவது சொன்னால், நான் சொன்னதெல்லாம் தப்பு என்று கோயில் வாசலில் நின்று கத்துவேன். உங்களோடு வாதாடி ஜெயித்து நான் என்ன செய்யப் போகிறேன்? சமைத்துச் சாப்பிடவா?

நீங்கள் கேட்ட கேள்வியை யுஸ்தினாவிடம் கேட்டேன். ஈஸ்டர் முடிந்து படகு வந்தது. "சின்னவளுக்கு இப்பதான் நாலு மாசம். அம்மாவுக்குச் சின்ன வயசுலயே அம்மை வந்து போயிருக்கும். அந்தக் காப்பு வயித்துலேருந்தே புள்ளைக்கு வரும். கொஞ்ச மாசம் நிக்கும், அப்புறம் போயிடும்" என்றாள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கேட்டதை எழுதிவிட்டேன்.

இந்தத் தடவை வரிசை கொட்டகையைத் தாண்டி மணல்வரை போயிருந்தது. வலிப்பைப் பார்த்து ஓடியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முதலில் நின்றவள் ஓனா. சின்னவளைப் பாய்மேல் கிடத்திவிட்டு, "எல்லாத்தையும் இன்னிக்கே போட்டுடுங்க. ஒண்ணையும் மிச்சம் வெக்காதீங்க" என்றாள்.

"இவ வயசுக்கு உள்ளத எல்லாம் போட்டுடறேன். அம்மைக்கு மட்டும் இப்பப் போட முடியாதும்மா. ஒன்பது மாசம் ஆகணும்."

"அதான் வேணும் எனக்கு. அத விட்டுட்டு மத்தது எதுக்கு?"

"இப்பப் போட்டா நிக்காது. வீணாப் போயிடும்."

ஓனா அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அண்ணன் வேணாம்னான், விட்டேன். இப்ப நீங்க வேணாங்கறீங்க. நான் யார் பேச்சத்தான் கேக்கறது?" என்றாள். இரண்டு பேர் சேர்ந்துதான் அவளை விலக்கி உட்கார வைத்தோம். யுஸ்தினா அதற்கப்புறம் எல்லோரிடமும் மெதுவாகவே பேசினாள்.

கேவாவுக்கு இரண்டாம் சுற்றுக்கு நாள் வந்துவிட்டது. முத்தடுப்பு ஒன்று, காமாலை ஒன்று, சொட்டு மருந்து. நான் வரிசையில் நிற்கவில்லை. ஏன் என்று யுஸ்தினா கேட்டாள். "அவங்க அப்பா ஜூன்ல வர்றாரு. அவர் மடியில வெச்சுப் போடுங்க" என்றேன். அவள் திட்டினாள். திட்டட்டும்.

வந்து நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றோ இரண்டோ, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கடிதத்தில் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பெங்கா

*

1999 ஆகஸ்ட் 8

பெங்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். லைன் வீட்டில் என் இடத்தில் வேறு ஆள் படுத்திருந்தான். இப்போது ஃபெலிக்ஸ் அறையில் இருக்கிறேன்.

கிளம்புகிற நாள்வரை நாம் பேசிக்கொள்ளவில்லை. கப்பலில் யோசித்தேன். எழுதினால்தான் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியும்போல.

கேவா என்னைக் கண்டால் அழுதாள். ஒரு வாரம் என் பக்கமே வரவில்லை. அப்புறம் முருங்கைக் கீரைச் சாற்றில் சோளம் நனைத்துக் கொடுத்தேன், வாங்கித் தின்றாள். அதிலிருந்து என் பின்னாலேயே சுற்றினாள். அப்படிப் பழகிய பிள்ளையைத்தான் அந்தக் கொட்டகைக்குத் தூக்கிப் போனேன்.

ஊர்ப் பெண்கள் முன்னால் நான் பாதியில் எழுந்து போனது உனக்கு அவமானம். தெரியும். நீ என்ன நினைத்தாய் என்றும் தெரியும், வேண்டுமென்றே செய்தேன் என்று. அப்படி இல்லை. இரண்டும் போடட்டும் என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். காலைப் பிடித்துக்கொண்டேன். முதல் ஊசி ஏறியது. அவள் அழுவதற்கு முன்னால் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். எனக்குக் கால் தானாக எழுந்துவிட்டது. அவளையும் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம்வரை போனது நினைவில் இருக்கிறது. நீ பின்னாலேயே ஓடி வந்து, "உக்காருங்க, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாய். "போதும்" என்றேன். "புள்ள உங்க கைல. பழி மட்டும் என் கைலயா?" என்று கத்தினாய். நீ அழுகிறவள் இல்லை. உன்னைப் பார்த்தால் பயமே தெரியாதவள் மாதிரி இருந்தது. அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. கிளெமெனுக்கு என்ன ஆயிற்று என்பதில் என் எண்ணம் அதேதான். ஆனால் ஓனா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. சாப்பாடு போட்டாள். "சின்னவளுக்கு அம்மை ஊசி போட இன்னும் நாள் இருக்கு அண்ணா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

மிச்சம் இருப்பதைப் போட்டுவிடு. இனி எத்தனை என்று என்னைக் கேட்க வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். போட்ட அன்றைக்கு எழுது. மறுநாளும் எழுது. அதற்கு மறுநாளும் எழுது. மூன்றும் ஒரே உறையில் வந்தாலும் பரவாயில்லை. முதல் நாள் கடிதத்தை மட்டும் அனுப்பிவிட்டு என்னை இங்கே தவிக்க விடாதே.

கோப்போங்

*

1999 செப்டம்பர் 14

கேவாவின் அப்பாவுக்கு,

இன்று போட்டோம். விட்டுப்போன காமாலை ஒன்று, மூன்றாம் சுற்று முத்தடுப்பு ஒன்று. இரண்டு தொடையிலும் ஒரே நேரத்தில். சொட்டு மருந்தைத் துப்பினாள், மறுபடி கொடுத்தார்கள்.

நான்தான் பிடித்துக்கொண்டேன். ஓனா எதிரில் உட்கார்ந்து கேவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் கூப்பிடவில்லை, அவளாக வந்தாள். சின்னவளுக்கும் இன்றுதான் அம்மை ஊசி. அவளும் இவளும் சேர்ந்து அழுததில் கொட்டகையே இடிந்துவிடும்போல் இருந்தது.

எனக்குப் பயம் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். போன நவம்பரில் அத்தையைத் தள்ளிக்கொண்டு போனேனே, நின்று யோசித்தால் திரும்பிவிடுவேன் என்றுதான் உடனே உட்கார்ந்தேன். வலிப்பு வந்தபோது, உங்கள் பேச்சைக் கேட்டிருக்கலாம், கேட்டிருக்கலாம் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அதை உங்களுக்கு எழுதினால் நீங்கள் அதையே பிடித்துக்கொள்வீர்கள். அத்தையிடம் சொன்னால் ஊருக்குத் தெரியும். நானும் பயந்தால் இந்த வீட்டில் இவளைத் தூக்கிக்கொண்டு போக யார் இருக்கிறார்கள்? அதனால் கோபமாக இருந்தேன். கோபம் கொஞ்சம் சுலபமாக இருந்தது.

இன்றும் பயமாகத்தான் இருக்கிறது. இப்போது தூங்குகிறாள்.

15

காய்ச்சல் இருக்கிறது. இழுக்கவில்லை. காலையிலிருந்து மடியைவிட்டு இறங்கவில்லை, அதனால் இதை ஒரு கையால் எழுதுகிறேன். வலது தொடை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, தொட்டால் என் கையைத் தட்டிவிடுகிறாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறார்.

16

காய்ச்சல் இல்லை. காலையில் கஞ்சி குடித்தாள். லேசாக நொண்டிக்கொண்டே கோழியைத் துரத்துகிறாள்.

அத்தை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணும் ஆகல பாத்தியா. இதுக்குப் போய் ரெண்டு பேரும் ஒரு வருஷமா அடிச்சுக்கிட்டீங்க." எனக்கு வந்த ஆத்திரத்தில் அகப்பையைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். வெளியே வந்தால் திட்டுவதற்கு ஆளில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இது உங்கள் கைக்கு வரும்போது மூன்று வாரம் ஆகியிருக்கும். இதைப் படித்து முடித்ததும், சரி, நாலாம் நாள் என்ன ஆயிற்று என்றுதான் கேட்பீர்கள். நாளைக்கும் எழுதுகிறேன். ஆள் கிடைக்கும்போது அனுப்புகிறேன்.

பெங்கா